கைப்பம்பும் காவல் சம்மனசும்

எங்கள் வீட்டில் மாதா சுரூபம் வைத்திருக்கும் தட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் பழைய இடுப்பு வார் ஒன்று தொங்குகிறது. சாரத்தை இறுக்கிக் கட்டுவதற்கு எங்கள் கரையில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் அணிகிற அகலமான மாட்டுத்தோல் வார். அதன் நடுவில் தேத்தண்ணிக் கிளாசின் அடியளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. பார்க்கிறவர்கள் கேட்பார்கள், எலி கடித்தது என்று சொல்வேன். அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் நானல்ல. வாருக்குச் சொந்தக்காரரான என் மச்சான், அதாவது என் மனைவியின் தமையன், தான் சாகும்வரை சொல்லிவந்த பொய் அது. எனக்காகச் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை எழுதி வைக்காமல் கண்ணை மூடப் பயமாக இருக்கிறது.

எழுபதுகளில் குருநகரில் மச்சானிடம் மூன்றரைத் தொன் மீன்பிடிப் படகு, எங்கள் பேச்சில் போட்டு, ஒன்று இருந்தது. அவர்தான் சம்மாட்டி, சுக்கான் பிடிப்பதும் அவரேதான். இஞ்சினுக்கு ஒரு றைவர். வலைக்கும் மற்ற எல்லா வேலைக்கும் நான். மரப்போட்டு என்றால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். பலகை இடுக்குகளில் பஞ்சு அடித்து எவ்வளவு அடைத்தாலும் எங்கேயாவது சொட்டுச் சொட்டாய் உள்ளே வரும். அது அடித்தட்டுப் பலகைகளுக்குக் கீழே டீசலோடும் மீன் கழிவோடும் கலந்து கறுப்பாகக் கிடக்கும். போட்டு உருளும்போதெல்லாம் அங்கும் இங்கும் ஓடுகிற சத்தம் காலுக்கடியில் கேட்கும். கடலைக் கண்டு எனக்குப் பயமில்லை, அது சிறுவயதிலிருந்து பழகின கடல். போட்டுக்குள்ளே கிடக்கிற கடலைக் கண்டுதான் பயம்.

அதை இறைக்க ஒரு கைப்பம்பு இருந்தது. இரண்டங்குலக் குழாய், அதற்குள் ஒரு மரத்தண்டு, தண்டின் நுனியில் கிண்ணம்போல வளைந்த வட்டத் தோல். தண்டை மேலே இழுத்தால் தோல் தண்ணீரை அணைத்துக்கொண்டு வரும். விடியப் புறப்படுமுன் போட்டு வறளும்வரை இறைப்பது என் வேலை. இறைக்கும்போது செபமாலை சொல்ல வேண்டும் என்பது மச்சானின் சட்டம். பத்து இழுவைக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம், அப்படிப் பத்து மந்திரம் சொன்னால் ஒரு பத்து. வழமையாக இரண்டு பத்தில் பம்பு காற்றை உறிஞ்சிக் கொறகொறக்கும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிற மச்சான் போட்டில் ஏறுமுன் ஒரே கேள்விதான் கேட்பார். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"எத்தனை, மச்சான்?"

"ரெண்டு பத்து."

அதைக் கேட்ட பிறகுதான் இஞ்சின் தொடங்கும். ஒருமுறை நாலு பத்து என்றேன். மச்சான் வலையைக் கரைக்கே திருப்பிக் கொண்டுபோனார். போட்டை இழுத்துச் சரித்துப் பார்த்தபோது அடிப்பலகை ஒன்றின் இடுக்கில் பஞ்சு கழன்று, விரல் நுழையுமளவுக்கு வாய் பிளந்திருந்தது. "மாதாவுக்குச் சொன்னதும் ஆச்சு, போட்டின்ரை வருத்தம் தெரிஞ்சதும் ஆச்சு" என்று சிரித்தார். அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு வார்த்தை, "தோலைக் காய விடாதை" என்பது. பம்பின் தோல் தினமும் நனைய வேண்டும். காய்ந்தால் சுருங்கிவிடும், பிறகு தண்ணீரைப் பிடிக்காது.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாகக் கடைக்கு வரத் தொடங்கிய காலத்தில் தானாக இறைக்கிற பம்பு ஒன்று வந்தது. பற்றறியில் ஓடும். ஒரு சின்ன மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், பம்பு தானே ஓடும். தண்ணீர் வற்றினால் தானே நிற்கும். வேண்டாம் வேண்டாம் என்ற மச்சானை நச்சரித்து வாங்க வைத்தவன் நான்தான். கைப்பம்பு இழுத்து இழுத்து என் தோள்மூட்டு நொந்துபோயிருந்தது. பூட்டின அன்றைக்கே றைவர் அதற்கு, ஆளை விட்டகலாமல் காக்கிற வானதூதரின் பெயரை வைத்துவிட்டான்.

"அண்ணை, இனி நாங்கள் கண்ணயர்ந்தாலும் பயமில்லை. உது எங்கடை காவல் சம்மனசு."

"சம்மனசை வைச்சுப் பகிடி விடாதை" என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பி, "கரையிலை நிக்கேக்கை சுவிச்சை நிப்பாட்டி வை. காலமை கைப்பம்பாலைதான் இறைக்கோணும். எண்ணோணும். கடலுக்குப் போன பிறகு உது தன்ரை வேலையைப் பாக்கட்டும்" என்றார்.

கொஞ்ச நாள் சொன்னபடி செய்தேன். பிறகு ஒரு நாள், தோள் நோகிறது என்று சுவிச்சைப் போட்டேன். சம்மனசு மெல்ல இரைந்து இரைந்து தண்ணீரை வெளியே துப்பியது. நான் போட்டின் முன்பக்க அணியத்தில் குந்தி ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். கால் சுருட்டு முடியுமுன் போட்டு வறண்டுவிட்டது. சுவிச்சை நிறுத்தவும் மச்சான் வரவும் சரியாக இருந்தது. "எத்தனை, மச்சான்?" என்று கேட்டார். "ரெண்டு பத்து" என்றேன். ஒரு மந்திரமும் சொல்லாத வாயால், மாதாவின் பெயரில் சொன்ன பொய் அது. அடுத்த நாளும் அப்படியே சொன்னேன். மூன்றாம் நாள் அது பொய்யாகவே தோன்றவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படி நடந்தது. கால் சுருட்டு அரைச் சுருட்டாயிற்று, அரை முக்காலாயிற்று. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். சில காலைகளில் சுருட்டு விரலைச் சுடும்வரை பம்பு இரைந்துகொண்டேயிருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். ஆனால் சொன்னால், இத்தனை நாள் எண்ணியது என்ன என்று கேட்பாரே. அந்தக் கேள்விக்குத்தான் தண்ணீரை விட அதிகம் பயந்தேன்.

பற்றறியும் தன் பாஷையில் சொல்லிப் பார்த்தது. பட்டணத்தில் ரேடியோ திருத்துகிற கடையில் கிழமைக்கு ஒருமுறை அதற்குச் சார்ச் ஏற்றுவோம். ஏழு நாளும் தாங்கிய பற்றறி நாலு நாள் தாங்கியது, பிறகு மூன்று நாள். கிழண்டிவிட்டது என்றான் றைவர். மச்சான் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தார். "பற்றறியிலை ஒரு பிழையுமில்லை, ஐயா. உங்கடை மிசின்தான் ஓய்வில்லாமல் ஓடுது போலை" என்றார் கடைக்காரர். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை போகுது, மச்சான்?"

"அதே ரெண்டு பத்துத்தான்" என்றேன். "பிறகென்ன, நீர் உம்மடை பிழையை எங்கடை போட்டிலை போடுறீர்" என்று மச்சான் கடைக்காரரை ஏசிவிட்டு வந்தார். அந்த மனிதர் சொன்னது சரி. ஆனால் என் மச்சான் என்னை நம்பினார்.

அது வாடைக்காலம். முதல் நாள் விட்ட வலையை எடுக்க, மண்டைதீவைத் தாண்டி மேற்கே வெகுதூரம் போயிருந்தோம். வலையை ஏற்றி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது, காற்றும் ஏறிவிட்டது. திரும்பி வரும்போது அலை எதிரே வந்து முகத்தில் அறைந்தது. "சுக்கான் பாரமாய்க் கிடக்கு" என்றார் மச்சான். "வலைப்பாரம்" என்றேன். அப்போது றைவர் இஞ்சின் பலகையைத் தூக்கினான். இஞ்சினின் சில்லு, அதன் சுழல் சக்கரம், கறுப்புத் தண்ணீரை அள்ளி அவன் முகத்திலேயே வீசியது.

"சம்மாட்டியார், தண்ணி! சில்லுக்கு மேலை நிக்குது!"

மிதவை தலைகீழாய்க் கவிழ்ந்து மிதந்தது. பம்பில் சத்தமில்லை. றைவர் பற்றறி வயரைக் கழற்றித் திரும்ப முடுக்கினான், உரசிப் பார்த்தான். ஒரு பொறிகூட வரவில்லை. "சம்மனசு செத்துப்போச்சு, அண்ணை" என்றான். வேறு நாளென்றால் சிரித்திருப்போம்.

"நீ வாளியை எடு" என்று றைவரிடம் கத்திவிட்டு மச்சான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், கைப்பம்பு!"

நான் பாய்ந்துபோய்த் தண்டை இழுத்தேன். அது வெறுமனே வந்தது. பாரமேயில்லாமல், காற்றில் கை வீசுவதுபோல வந்தது. மேலே தண்ணீர் ஊற்றி இழுத்தேன், பொசுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டில் என் மனைவியின் வயிற்றில் முதற்பிள்ளை, ஏழு மாதம். அவளுடைய தமையனும் புருசனும் ஒரே போட்டில்.

"காலமை எத்தனை?" என்று மச்சான் சுக்கானிலிருந்து கேட்டார்.

"ரெண்டு பத்து."

அந்த நேரத்திலும் அதையே சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. சேவல் கூவுமுன் யேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இராயப்பரைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணம்தான் நினைவுக்கு வரும். "சுக்கானைப் பிடி" என்று என்னை இழுத்து அங்கே நிறுத்திவிட்டு, மச்சான் பம்புத் தண்டை முழுதாக உருவி வெளியே எடுத்தார். நுனியில் தோல் வெயிலில் கிடந்த திருக்கைத் தோல்போலச் சுருண்டு, வெடித்து, வெள்ளை பூத்துக் கிடந்தது. அதை விரலால் தட்டிப் பார்த்தார், ஓடுபோலச் சத்தம் கேட்டது. ஒரு நாள் இரண்டு நாளில் காய்ந்த காய்ச்சல் அல்ல அது என்று அவருக்கா தெரியாது? தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஏசுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். கடலில் தள்ளிவிட்டிருந்தாலும் அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இடுப்பு வாரைக் கழற்றினார்.

சாரம் அவிழாமல் வலைக்கயிற்றுத் துண்டொன்றை இடுப்பில் முடிந்துகொண்டார். பலகையில் வாரை விரித்து, காய்ந்த தோலை அதன்மேல் வைத்து, மீன் வெட்டும் கத்தியால் சுற்றி வெட்டினார். அலை போட்டைத் தூக்கித் தூக்கி அடித்தது, றைவர் அழுகையும் செபமுமாக வாளியால் அள்ளிக் கொட்டினான், தண்ணீர் மச்சானின் முழங்காலுக்கு வந்தது. அவருடைய கத்தி வட்டத்தை விட்டு விலகவில்லை.

"சம்மாட்டியார், வலையை வெட்டி விடுவமோ? பாரம் குறையும்" என்று றைவர் கத்தினான்.

"பாரம் வலையிலை இல்லை. நீ இறை" என்றார் மச்சான். நிமிர்ந்து பார்க்காமலேதான் சொன்னார்.

பல வருச வியர்வையும் மீனெண்ணெயும் ஊறின வார். தண்டின் நுனியில் பொருத்தியதும் தோல் மெத்தென்று வளைந்து குழாய்க்குள் இறங்கியது. மச்சான் நாலுதரம் இழுத்தார். ஐந்தாம் இழுவையில் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வெளியே விழுந்தது. தண்டை என் கையில் தந்துவிட்டுச் சுக்கானை வாங்கிக்கொண்டார்.

"சத்தமாச் சொல்லு. எனக்குக் கேக்கோணும்."

நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். றைவர் வாளியோடு மறுபாதியைச் சொன்னான். என் தோள் நொந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. நெஞ்சு அடித்த அடியில், மந்திரத்தின் நடுவில் சொற்கள் அறுந்து போயின. அறுந்த இடத்தில் மச்சான் எடுத்துக் கொடுத்தார். பதினைந்து பத்துவரை எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. தண்ணீர் குறையவில்லை. ஏறாமல் நின்றது, அவ்வளவுதான். எங்கள் கோயில் மணிக்கூண்டு கண்ணில் தெரிந்தபோதும், அதுவரை மிதப்போம் என்று நான் நம்பவில்லை. மச்சானும் நம்பவில்லை போலும். மண்டைதீவுக் கரைச் சேற்றைப் பார்த்துப் போட்டைத் திருப்பினார். அடிமரம் சேற்றில் வழுக்கி ஏறி நின்றது. சுக்கான் பிடிக்கிறவனுக்கு அது அவமானம். அன்றைக்கு மூன்று பேரும் சேற்றில் இறங்கி முழங்காலில் நின்றோம்.

கரையில் ஆட்கள் கூடினார்கள். ஒரு கிழவர் மச்சானின் கையிலிருந்த வாரைக் கண்டுவிட்டார்.

"உதென்ன ஓட்டை, சம்மாட்டி?"

"எலி கடிச்சுப்போட்டுது."

"உவ்வளவு வட்டமாக் கடிக்கிற எலி எங்கை கிடக்கு?"

"படிச்ச எலி" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து காலில் ஒட்டின சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டை வாரைத்தான் அவர் கடைசிவரை கட்டினார். என் மனைவிக்கும் சொல்லவில்லை. நான் அடுத்த சனிக்கிழமையே கோயில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அவர் மன்னிப்புக் கொடுத்தார். மச்சானிடம் மட்டும் வாய் வரவில்லை. போட்டைத் திருத்தித் திரும்பத் தொழிலுக்கு இறங்கிய முதல் நாள், விடிய எழுந்து ஒவ்வொரு மணியாய்ச் சொல்லி இறைத்துவிட்டு, அவர் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. போட்டில் ஏறி, பம்புத் தண்டைக் கொஞ்சம் உயர்த்தி, தோலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ஈரம் இருந்தது. "எடு போட்டை" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அப்படித்தான். "எத்தனை, மச்சான்?" என்ற அந்தக் கேள்வி எனக்கு இனி இல்லை என்று ஆகிவிட்டது. நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ, அந்தக் கேள்விக்காக வருசக்கணக்காக ஏங்கினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நெஞ்சுவருத்தத்தில் பாயில் விழுந்தார். பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்வேன். ஒரு நாள், அவர் நித்திரை என்று நினைத்து மெல்லச் சொல்லி முடித்தேன். கண்ணைத் திறந்தார்.

"எத்தனை, மச்சான்?"

"அஞ்சு பத்தும், மச்சான். ஒண்டும் விடேல்லை" என்றேன். அவர் கையை நீட்டி என் கையிலிருந்த செபமாலையை எடுத்தார். மணிகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். என் உள்ளங்கை வியர்வையில் அவை நனைந்திருந்தன. "ஓம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவருடைய மனைவி அந்த வாரை என்னிடம்தான் தந்தார். இப்போது என் மகனுடைய போட்டில் தானாக இறைக்கிற பம்புதான். அது ஓடுகிற சத்தம் கேட்டால், எத்தனை நேரம் ஓடுகிறது என்று இன்றும் எண்ணிக்கொண்டிருப்பேன். வீட்டில் செபம் முடிந்ததும் ஆணியிலிருந்து வாரை எடுத்து, அந்த ஓட்டையின் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பேன். வெயில் காலமென்றால் காய்ந்திருக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் திரும்பத் தொங்க விடுவேன். தோலைக் காய விடக்கூடாது.