கிஷனின் கிட்டார் நம்பர்

குறை கண்டுபிடித்தே இருபது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவள் தனலெட்சுமி. மலேசியாவில், சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற கியூ.சி. வேலை. பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் பலகைகள் வரிசையாக வரும். ஈயம் சரியாகப் பிடிக்காததையும் கால் வளைந்ததையும் பொறுக்கி ஓரம் வைப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி அவளை விடாது. கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதாததும், யாராவது அளக்கிற கதையில் ஓட்டை இருப்பதும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அதனால் சொந்தக்காரர்கள் அவளிடம் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

அந்த வேலையிலிருந்து அவள் பிடித்துக்கொண்ட நம்பிக்கை ஒன்று உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு நம்பர்தான். லட்சம் பலகை ஓடினாலும் ஒன்றின் நம்பர் இன்னொன்றுக்கு வராது. தப்பித்தவறி வந்துவிட்டால் லைனையே நிறுத்திவிட்டு மேனேஜர் வரைக்கும் ஓடி வருவார்கள்.

ஒரே மகன் கிஷன் அம்மாவின் இந்தக் குணத்தை வைத்து அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பான். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் செகண்ட்ஹேண்டாக ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினான். நடுவில் தேன் நிறம், ஓரமெல்லாம் கறுப்பு. தலைப்பகுதியின் பின்பக்கம் மரத்தில் பதிந்திருந்த நம்பரைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினான். "கியூ.சி. மேடம், ஒரிஜினல் அமெரிக்கா சாமான். நம்பரப் பாத்துக்குங்க, அப்புறம் குறை சொல்லக் கூடாது லா" என்று குரல்பதிவு வேறு. ஒரு கீறல் விழாமல் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். வாசிப்பு சுமார்தான். அம்மா அதையும் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மழையில் ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து இறந்துபோனான்.

கருமாதி அன்று அவள் கணவர் இராமலிங்கத்தின் அக்கா வாயைத் திறந்தாள். கல்யாணம் ஆகாமல் போன பிள்ளையின் சாமானை வீட்டில் வைத்திருந்தால் அவன் இந்த வாசலையே சுற்றிச் சுற்றி வருவான், நல்லபடியாகப் போய்ச் சேரமாட்டான் என்றாள். தத்துவம் பேச இவர்களுக்கெல்லாம் சாவு வீடுதான் கிடைக்கும். மகனைப் பறிகொடுத்த மனிதன் அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் கேட்பான். தெருவில் ஸ்பீக்கர் கட்டி வந்த பழைய பேப்பர் லோரியை நிறுத்தி, துணிமணி, ஹெல்மெட், கிட்டார் எல்லாவற்றையும் இராமலிங்கம் தன் கையாலேயே தூக்கி ஏற்றிவிட்டார். உள்ளே மயக்கமாகப் படுத்திருந்த தனலெட்சுமிக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது.

"என் புள்ளைய ரெண்டாவது தடவ தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் கணவனிடம். அந்த ஒரு வார்த்தையிலேயே மனிதர் ஒடிந்துபோனார். அதற்குப் பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டதில்லை. லோரிச் சத்தம் கேட்டால் போதும், கைலியோடு வாசலுக்கு ஓடி, "அந்த கிட்டாரு, அன்னிக்கு நான் குடுத்தேனே" என்று மலாயில் மன்றாடுவார். எல்லா லோரிக்காரர்களும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் போனில் தேட ஆரம்பித்தாள். கிள்ளான், செராஸ், ஸ்ரீ கெம்பாங்கான் என்று எங்கே பழைய கிட்டார் விற்பனைக்கு வந்தாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். தேன் நிறமாக இருந்தால், பின்பக்கப் படம் அனுப்பச் சொல்லி எழுதுவாள். நம்பர் அவளுக்கு மனப்பாடம். தன்னுடைய அடையாள அட்டை ஐ.சி. நம்பரைக்கூட யோசித்துத்தான் சொல்வாள்; கிட்டார் நம்பரை யோசிக்க வேண்டியதே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பந்திங்கிலிருந்து குகன் என்பவன் அனுப்பிய படத்தில் அந்த நம்பர் இருந்தது. ஒவ்வோர் எண்ணாக விரலை வைத்துச் சரிபார்த்தாள். கடைசி எண்ணும் பொருந்தியபோது மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். கணவனிடம் மூச்சு விடவில்லை. கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

கிள்ளான் போய், அங்கிருந்து பந்திங் பஸ் பிடித்தாள். குகன் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவன், மரியாதையான பையன். "யாருக்கு ஆன்டி?" என்று கேட்டான். "வீட்டுக்குத்தான்" என்றாள். கிட்டாரைத் திருப்பி நம்பரைத் தடவிப் பார்த்தாள். இது உன்னிடம் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் எல்லார் கதையிலும் ஓட்டை பார்க்கிறவள் அன்று கேட்கவில்லை. கேட்டால் கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம். அவன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் அதை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அழுதாள். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் டிஸ்யூ கொடுத்தாள்.

ஒரு கம்பி அறுந்திருந்தது. முழுசாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே என்று பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, மாடியில் இருந்த ஒரு ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் யுகேந்திரன் கிட்டாரைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார்.

"ஆன்டி, இத ஒரிஜினல்னு சொல்லியா வித்தாங்க?"

"ஏன்?"

"தலையில இருக்கிற இந்த மூடியப் பாருங்க. கம்பெனி சாமான்ல ரெண்டு ஸ்குரூதான் இருக்கும். இதுல மூணு." பின்பக்கத்து மூடியையும் கழற்றிக் காட்டினார். "உள்ள பாருங்க, வயரெல்லாம் நூல் மாதிரி. இது சிப்லாக் ஆன்டி. டூப்ளிகேட்."

தனலெட்சுமி குனிந்து பார்த்தாள். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். உருண்டு திரண்டு, மங்கிப்போய், எதிலும் ஒட்டாமல் நிற்கிற ஈயம். இப்படி ஒன்று பூதக்கண்ணாடிக்கு அடியில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓரம் வைத்திருப்பாள். ஐயோ, பிள்ளையை ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரிஜினல் என்று எவ்வளவு பெருமைப்பட்டான்.

"டூப்ளிகேட்டா இருந்தா பரவாயில்ல தம்பி. என் மகனோடது. நம்பர வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

யுகேந்திரன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். சொல்வதா வேண்டாமா என்று அவர் தடுமாறியது தெரிந்தது.

"நம்பரு மட்டுமா ஆன்டி? வேற அடையாளம் ஏதும்?"

"நம்பர் போதாதா?"

"இதே நம்பர் போட்டது என் கடைக்கே ரெண்டு மூணு வந்திருக்கு. டூப்ளிகேட் செய்யிறவன் ஒவ்வொண்ணுக்கும் புது நம்பரா போடுவான்? நெசமான கிட்டார் ஒண்ணப் பாத்து, எல்லாத்துலயும் அதையே அடிச்சுத் தள்ளிடுவான். அந்த நெசமான ஒண்ணு எங்கயாச்சும் அமெரிக்காவுல இருக்கும்."

அவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, பந்திங்கில் கேட்காமல் விட்டதைக் குகனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"ஸ்கூல்ல ஃபோர்ம் ஃபைவ் முடிச்சப்ப எங்க மாமா வாங்கித் தந்தது ஆன்டி. ஏழெட்டு வருஷமா என்கிட்டதான் இருக்கு. ஏன், ஏதாச்சும் பிரச்சனையா?" டூப்ளிகேட் என்று கேட்டதும் அவன் குரல் இறங்கிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது ஆன்டி. திரும்பக் கொண்டாங்க, நான் எடுத்துக்கிறேன்."

கிஷனுடையது இல்லை. அதைவிடப் பெரிய இடி அதற்கு அடுத்துத்தான் விழுந்தது. அவனுடைய கிட்டாருக்கென்று தனியாக ஒரு நம்பரே கிடையாது. இத்தனை நாள் அவள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு தேடினாளோ, அது எத்தனையோ பேர் வீட்டுக் கிட்டாரில் இருக்கிறது. யுகேந்திரன் கம்பியை மாட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

நாளைக்கே குகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது, கணவனிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டுக்குள் நுழைந்தாள். இராமலிங்கம் வாசல் பக்கம் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தார். அவள் தோளில் இருந்ததைப் பார்த்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"தனம், அதுவா?"

சொல்ல வாயெடுத்தாள். கிட்டே வந்தவர் கிட்டாரைத் தொடவில்லை. தொட உரிமை இல்லாதவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பியவர்.

"அதுதானா தனம்? நல்லாப் பாத்தியா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"நம்பரு அதேதாங்க" என்றாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து கிட்டாரை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுடுகாட்டில்கூட அழாத மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஐயா, அப்பன மன்னிச்சிருடா" என்று அதனிடம் சொன்னார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுது ஓய்ந்ததும் எழுந்துபோய், கிஷனுடைய கட்டிலில் அதைப் படுக்க வைத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். அன்று அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போலப் போனை எடுத்தாள். புதிதாக ஏதாவது விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க விரல் தானாகப் போனது, பிறகு நின்றுவிட்டது. கிஷன் தொட்ட கிட்டார் எங்கேயோ, யார் வீட்டிலேயோ இருக்கிறது. இனி அது அவள் கண்ணெதிரே வந்து நின்றாலும், வீட்டுக்கு எடுத்து வர அவளால் முடியாது.