அண்ணியும் எங்கள் டீசலும்

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. எங்களுடையது ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். குவைத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் இரண்டு மாத லீவில் வந்து, ஆவணியில் கல்யாணம் முடித்து, புரட்டாசி கடைசியில் மறுபடி விமானம் ஏறிவிட்டான். அவன் விட்டுவிட்டுப் போனது இரண்டு பேரை. ஒருவர், குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து வாழ வந்த என் அண்ணி. இன்னொருவர், எங்கள் வீட்டு நாய் டீசல்.

டீசல் சாதாரண நாட்டு நாய்தான். செவலை நிறம். குட்டியாக இருக்கும்போது பழைய டீசல் எஞ்சின் மாதிரி எந்நேரமும் உறுமிக்கொண்டே இருந்ததால் அண்ணன் வைத்த பெயர் அது. அண்ணன் போனதிலிருந்து கேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான். சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வான்.

அண்ணிக்கோ நாய் என்றாலே உயிர் போய்விடும். ஆறாம் வகுப்பு படிக்கும்போது தெருநாய் கடித்த தழும்பு கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. அண்ணன் இருந்தவரை டீசலைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது. அவன் போன பிறகு அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை. கொல்லைக்குப் போவதானால்கூட நானோ அம்மாவோ துணைக்குப் போக வேண்டும்.

இங்கேதான் நான் நுழைந்தேன். நான் அப்போது எம்.எஸ்சி. விலங்கியல் முதல் வருடம். விலங்குகளின் நடத்தை பற்றி ஒரு பாடம் படித்திருந்தேன், யூடியூபில் முப்பது வீடியோ பார்த்திருந்தேன். போதாதா? ‘அஞ்சு நாளில் அண்ணியின் பயத்தைப் போக்குவது எப்படி’ என்று நோட்டில் அட்டவணையே போட்டுவிட்டேன். அண்ணியிடம் சம்மதம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

முதல் நாள் தூரத்திலிருந்து பார்ப்பது. அது நல்லபடியாகவே போனது. அந்த வேகத்தில், மூன்றாம் நாள் பாடத்தை இரண்டாம் நாளே எடுத்துவிட்டேன். அண்ணியின் உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை வைத்து, கையை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டீசலைக் கூப்பிட்டேன்.

பல நாளாகச் சரியாகச் சாப்பிடாத நாய், பிஸ்கட்டைப் பார்த்ததும் ஒரே தாவலாகத் தாவியது. அண்ணி கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தார். கதவு நிலையில் மணிக்கட்டு மோதி, கல்யாணத்துக்குப் போட்ட கண்ணாடி வளையல் நாலைந்து உடைந்துபோயின. டீசல் அவரைத் தொடக்கூட இல்லை. ஆனால் வளையல் கீறி ரத்தம் வந்துவிட்டது.

அம்மா ஓடி வந்தார். ரத்தத்தைவிட, தரையில் கிடந்த வளையல் துண்டுகளைப் பார்த்துத்தான் அவர் முகம் வெளுத்தது. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகவில்லை, பிள்ளை கடல் தாண்டி இருக்கிறான், மருமகள் கைவளையல் உடைகிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சட்டென்று குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“ஒன் படிப்பெல்லாம் காலேஜோட வச்சுக்க. வந்த புள்ளய இப்புடியா பாடாப் படுத்துவ?” என்றார். அன்றைக்கே கறம்பக்குடியில் இருக்கும் மாமாவுக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து டீசலைத் தன் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவானது. அதுவரை கொல்லையில் கொய்யா மரத்தில் கட்டிப்போட்டோம். அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. என் அவசரத்துக்கு ஒரு வாயில்லா ஜீவன் வீட்டை விட்டுப் போகிறதே என்று எனக்குப் படிப்பே ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரி அரை நாளோடு முடிந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. கொல்லைப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. அண்ணி யாருடனோ போனில் பேசுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

அண்ணி பின்வாசல் கம்பிக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுத் தட்டு. வெளியே, பத்தடி தள்ளி டீசல். முன்னங்கால்மேல் முகவாயை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். குரைக்கவில்லை, எழுந்திருக்கவில்லை. அவனுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் சோறு. அதை அங்கே தள்ளிவிட்ட ஒட்டடைக் கம்பு கதவில் சாய்ந்து நின்றது.

“நீங்க ஒரு வாய் சாப்புடுங்க, நானும் ஒரு வாய் சாப்புடுறேன்” என்றார் அண்ணி.

நாய்க்கு ‘ங்க’ போட்டுப் பேசியதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது அடங்கிவிட்டது.

“நேத்து ரெண்டு நிமிசந்தான் பேசுனாரு. ரூம்ல ஆளுக இருந்தாங்களாம். மொத கேள்வியே, டீசல் சாப்புட்டானான்னு. எனக்குக் கோவமா வந்துச்சு. நான் சாப்புட்டனான்னு கேக்கலைல்ல? நானும் சரியாச் சாப்புட்டு எத்தனை நாளாச்சு...”

கொஞ்ச நேரம் அழுதார். டீசல் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக எழுந்து, கிண்ணத்தில் வாயை வைத்தான். அண்ணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

ஒரே வீட்டில் இருந்தும் அவர் சாப்பிடாதது எனக்குத் தெரியவில்லை. பயத்தைப் போக்குகிறேன் என்று கையை இழுத்தேனே தவிர, ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. வழக்கமாக இருந்தால் உள்ளே பாய்ந்து ஏதாவது பேசியிருப்பேன். அன்று சத்தமில்லாமல் வெளியே போய், தெருமுனை வரை நடந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வந்தேன்.

ஞாயிறு காலையில் மாமா லோடு ஆட்டோவோடு வந்தார். “என்ன டீசலு, தோப்புக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துருச்சு, கெளம்புவமா?” என்று கயிற்றை அவிழ்த்தார். டீசல் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தான். அப்போது அண்ணி வாசலுக்கு வந்தார். ஒரு கையால் கதவை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“அத்தை, அது இங்கிட்டே இருக்கட்டும்.”

“ஒனக்காகத்தான ஆத்தா அனுப்புறேன்” என்றார் அம்மா.

“தெரியும் அத்தை. பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் இருக்கட்டும். அவரு வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருந்துக்கிறோம்.”

அம்மா அவர் கையைப் பார்த்தார். “வளையல்...”

“வளையலு அடுத்த சந்தையில வாங்கிக்கலாம் அத்தை.”

மாமா கயிற்றைக் கீழே போட்டார். “அப்ப எனக்கு ஒரு காபியாச்சும் போடுங்க, இம்புட்டுத் தூரம் சும்மா வந்தேனாக்கும்” என்றார். அம்மா சிரித்துவிட்டார். மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கல் எனக்கு அப்போதுதான் இறங்கியது.

இப்போதும் அண்ணி டீசலைத் தடவிக் கொடுப்பதில்லை. மத்தியானம் இரண்டு பேரும் கொய்யா மரத்தடியில் கை நீள இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் பேசுவார், அவன் கேட்பான். மனசு சரியில்லாத ஒருவரைக் கண்டால் உடனே யோசனை சொல்ல இன்றைக்கும் என் நாக்கு துறுதுறுக்கிறது. அதை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முயல்கிறேன், அந்த நாய்க்கு வந்த அளவுக்கு அது எனக்கு இன்னும் கைவரவில்லை.