சர்வரில் திறந்து கிடந்த வினாத்தாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். பெங்களூரு ஜீவனஹள்ளியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் நடந்தது இது. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லா வேலையும் என் தலையில்தான்.

வாடிக்கையாளர்கள் பெரிய ஃபைல்களைத் தங்கள் இடத்திலிருந்தே எங்களுக்கு அனுப்புவதற்காக ஓர் எஃப்டிபி சர்வர் அமைத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, ஒரு ஃபோல்டர். பெயர் சொல்லாமல் யாரும் நுழைய முடியாது. அனுப்புவதை நடுவழியில் யாரும் படிக்கவும் முடியாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவன் ஒன்றைக் கோட்டை விட்டேன். அவரவர் ஃபோல்டரை மட்டும் அவரவர் பார்க்கும்படி பூட்டுகிற செட்டிங் அது. சோதித்துப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்தேன். மூட மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் போன் செய்தார். சந்தாபுராவில் டிடிபி கடை வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகைகளைத் தயார் செய்து எங்களிடம் அச்சுக்கு அனுப்புவார்.

“சார், உள்ள வந்தா எல்லாரோட ஃபோல்டரும் தெரியுது” என்றார்.

யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. “உங்க ஃபோல்டர்ல போடறத விட்டுட்டு மத்தவங்களோடத எதுக்கு மேடம் நோண்டறீங்க?” என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் நோண்டல சார். எதுல போடறதுன்னு தெரியாம ஒண்ணத் திறந்தேன், அது ஒரு ஸ்கூலோடது. ஒன்பதாங்கிளாஸ் கணக்கு கொஸ்டின் பேப்பர்னு பேர் போட்டு ஒரு ஃபைல் இருந்துச்சு. என் பையன் அந்த ஸ்கூல்லதான் ஒன்பதாவது படிக்கிறான். கணக்குல ரொம்ப வீக்கு. சீக்கிரம் மூடிடுங்க சார், நானும் மனுஷிதானே.”

அந்தப் பள்ளியின் வினாத்தாள்களை நாங்கள்தான் அச்சடிக்கிறோம். அங்கே ஆண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வினாத்தாள் வெளியே போயிருந்தால் என் வேலையும் போகும், அச்சகத்தின் பெயரும் போகும்.

உடனே அந்த செட்டிங்கை மாற்றிப் பூட்டினேன். அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் வினாத்தாளை எடுத்துக்கொண்டு நல்லவர் மாதிரி பேசுகிறார் என்று நினைத்தேன். யார் வந்தார்கள், எங்கே போனார்கள், எதை எடுத்தார்கள் என்று சர்வர் வரி வரியாகக் குறித்து வைக்கும். அவரைப் பிடிப்பதற்காகவே அதைத் திறந்து படித்தேன்.

பள்ளியின் ஃபோல்டருக்குள் போயிருக்கிறார். ஆறே வினாடியில் வெளியே வந்திருக்கிறார். தன் ஃபோல்டரைத் தேடிப் பிடித்துப் பத்திரிகையைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். எதையும் எடுக்கவில்லை. வேறு யாரும் அந்த ஃபோல்டருக்குள் போகவும் இல்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்; யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கு அப்போதே தகவல் சொன்னார். வேறு வினாத்தாள் தருகிறோம், அதை அச்சடியுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். “நீ கத்துனது கீழ மிஷின் வரைக்கும் கேட்டுச்சு குரு. அந்தம்மா சொல்லாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?” என்றார். அதற்குத் திட்டே தேவலை.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. “இப்ப உள்ள வந்து பாருங்க மேடம்” என்றேன்.

“என் ஃபோல்டர் ஒண்ணுதான் சார் தெரியுது. வெறிச்சுன்னு இருக்கு.”

“காலைல நான் கத்துனது தப்பு மேடம்.”

“விடுங்க சார். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்” என்று சிரித்தார்.

ஏப்ரலில் இன்னொரு பத்திரிகை விஷயமாகப் பேசியபோது பையனின் கணக்கு மார்க்கை விசாரித்தேன். “நாப்பத்தொண்ணு சார். அவனே எழுதி வாங்குனது” என்றார். எனக்கே பாஸானது போலச் சந்தோஷமாக இருந்தது.

நான் இன்றும் கோபக்காரன்தான். ஆனால் என் வேலையில் தவறு என்று யாராவது போன் செய்தால் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். எடுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காத ஒன்றைத் தொடாமல் விட்டு, என் திட்டையும் வாங்கிக்கொண்டு என்னைக் காப்பாற்றியவரை நினைத்தால், மனிதர்கள் மேல் எனக்கு இருந்த பாதிக் கோபம் தானாகவே இறங்கிவிடுகிறது.