வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது

அறிவுச்செல்வியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வந்தால், பிரியத்தில் எழுதியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் வந்துதான் என் வேலை போனது. சரியாகச் சொன்னால் இயந்திரம் வந்து போனது. இயந்திரத்தைத் திட்டினால் அதற்கு உறைக்கவா போகிறது? அதனால் மூன்று வருடமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் காளிதாஸ். சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. கல்யாணப் பட்டென்றால் திருச்செங்கோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்களின் காரை வாங்கி நிறுத்த நாங்கள் எட்டு டிரைவர்கள் இருந்தோம். கடைக்குச் சொந்தமான இடத்தில் மூன்று கார்தான் நிற்கும். மற்றதை அரை கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு எடுத்த காலி மனையில் கொண்டுபோய் விட வேண்டும். முகூர்த்த மாதத்தில் அதுவும் நிரம்பிவிடும். அப்புறம் தெருத் தெருவாகச் சுற்றுவோம். ஒரு காரை நிறுத்த நாலு சுற்று. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதேபோல் இடம் தேடிச் சுற்றுகிற கார்கள். வீட்டுக்குப் போய்த் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும்.

அந்தக் கார்களில் இன்னொரு கூத்தும் உண்டு. வாரத்துக்கு நாலைந்து காராவது பின்சீட்டில் ஒரு வெள்ளைச் சேலையோடு வரும். மாப்பிள்ளையின் அம்மாவாக இருக்கும், பெண்ணின் அத்தையாக இருக்கும். புருஷன் போனவள் முகூர்த்தப் பட்டைத் தொடக் கூடாதாம், எடுக்கிற இடத்தில் நிற்கவே கூடாதாம். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் நாலு பேர் பேசுவார்களே! அதனால் கூட்டிவந்து காருக்குள் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். ஏசிக்காக இரண்டு மணி, மூன்று மணி நேரம் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நானே பலருக்கு மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வாங்கிக்கொள்வார்கள்.

பிறகு டவர் பார்க்கிங் வந்தது. திறப்பு விழாவில் முதலாளி மைக் பிடித்தார். மூன்று கார் நின்ற இடத்தில் இனி இருபத்து நாலு நிற்குமாம். இரும்புத் தட்டில் காரை ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டால் போதும், லிஃப்ட் மாதிரி மேலே கொண்டுபோய் ஓர் அடுக்கில் சொருகிவிடும். உள்ளே இஞ்சின் ஓடாது, புகை கிடையாது, விளக்கு எரிக்கக்கூட வேண்டாம். காலி மனை வாடகை மிச்சம். உரசிய காருக்கு நஷ்டஈடு கொடுப்பது மிச்சம். "ஊருக்கும் நல்லது, கடைக்கும் நல்லது" என்றார். அந்த மிச்சத்தில் நாங்கள் எட்டுப் பேரும் சேர்த்தி என்பதை மட்டும் மைக்கில் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் கடைக்கு எதிரிலேயே ஆட்டோ ஸ்டாண்டில் சேர்ந்தேன். வேண்டுமென்றேதான். அந்த இயந்திரம் ஒருநாள் கெட்டு நிற்பதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. அது நிற்கவில்லை. ஆறு மாதத்தில் என் இருமல்தான் நின்றது. முதலாளி மைக்கில் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அந்த இயந்திரத்தை ஓட்ட உட்கார்ந்தவள்தான் அறிவுச்செல்வி. கெங்கவல்லிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போகிற கூலிக்காரர்கள். இவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் சுவிட்ச் போர்டு பார்த்தாள். ஒருநாள் கிழங்கு அரைக்கிற இடத்தில் ஒரு பெண்ணின் முந்தானை பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. நடுவில் நிறுத்தினால் கிழங்குப்பால் வீணாகிவிடும், துணியை அறுத்துவிடு என்று மேஸ்திரி கத்தினாராம். இவள் மெயினையே இறக்கிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பத்தாம் நாள் இவளுக்கு வேலை இல்லை.

இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னதல்ல. என்னிடம் அவள் பேசவே மாட்டாள். அவளுடைய தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், சில நாள் என் ஆட்டோவில் கல்லூரிக்குப் போவாள், அவள் சொன்னது. இருவரும் அன்னதானப்பட்டியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அக்காவின் சம்பளம் வந்தால் தங்கைக்குப் படிப்பு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் அவர்களின் நிலவரம்.

அறிவுச்செல்விக்கு முப்பத்து நாலு வயது. நீலக் கோட்டு. சிரித்து நான் பார்த்ததில்லை. கார் தட்டில் ஏறியதும் நாலு கதவையும் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பாள். வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது இயந்திரத்தின் முதல் விதி. டவரின் இரும்புக் கூண்டுக்குள் யாராவது நடந்தால் அதற்குத் தெரியும். காருக்குள் யாராவது உட்கார்ந்திருந்தால் தெரியாது. அதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

இந்த விதியால் வெள்ளைச் சேலைக்காரர்கள் எல்லோரும் காரை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. டவர் செய்த நன்மைகளில் முதலாளி மைக்கில் சொல்லாதது இது ஒன்றுதான். அவருக்கே தெரியாது. சில குடும்பங்கள் வேறு வழியில்லாமல் அம்மாவைக் கடைக்குள் கூட்டிப்போனார்கள். சிலர் அறிவுச்செல்வியின் கேபின் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலி கேட்டார்கள். அவளா கொடுப்பாள்?

"அஞ்சு மாடி கட்டி வெச்சிருக்காங்களே, ஒரு மாடியில கூடவா உங்கம்மாவுக்கு இடமில்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவாள்.

புகார் போகாமல் இருக்குமா? மேனேஜர் அன்பரசு அவளைக் கூப்பிட்டு, இனிமேல் யார் காரின் கதவையும் திறக்கக் கூடாது, வாயால் கேட்டால் போதும் என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து அவள் ஒவ்வொருவரையும் மூன்று தரம் கேட்க ஆரம்பித்தாள். திமிர் பிடித்தவள் என்று ஸ்டாண்டில் நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்செங்கோட்டிலிருந்து தமிழரசு என்று ஒருவர் வந்தார். போர்வெல் போடுகிற ரிக் லாரிகளுக்குச் சொந்தக்காரர். தம்பி தர்ஷனுக்குக் கல்யாணம். வீட்டு ஆட்கள் எல்லாம் கடை வாசலில் இறங்கி உள்ளே போய்விட்டார்கள். அவர் மட்டும் பெரிய வெள்ளைக் காரைத் தட்டில் ஏற்றிவிட்டு இறங்கினார். கண்ணாடியெல்லாம் கறுப்பு ஃபிலிம். நான் கேபினுக்கு எட்டடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"வண்டிக்குள்ள ஆள் இருக்காங்களா?" என்று அறிவுச்செல்வி கேட்டாள்.

"ஆருமில்லீங்க."

"பின்சீட்லயும் ஆள் இல்லையே?"

"சீர்ப் பைதானுங்க கெடக்குது. போடுங்க."

"கடைசியா கேக்குறேன். உள்ள ஆள் யாரும் இல்லையே?"

"ஏனுங்க, பட்டெடுக்க வந்தமா, உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்க வந்தமா?"

பின்னால் ஆறு கார் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேனேஜர் வாசலிலிருந்து கையை ஆட்டி, "அறிவு, லைனைப் பாரு, போடு!" என்று கத்தினார். தமிழரசு சாவியை அழுத்திக் காரைப் பூட்டிவிட்டு நடந்தார். அவள் கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரிந்திருக்காது. ஷட்டர் இறங்கியது. தட்டு ஏறியது.

மூன்றாவது அடுக்கைத் தாண்டும்போது மேலே அந்தக் கார் அலறத் தொடங்கியது. பூட்டின காரை உள்ளேயிருந்து திறந்தால் கத்துமே, அந்தச் சத்தம். அறிவுச்செல்வி சிவப்புப் பொத்தானை அடித்தாள். எல்லாம் அப்படியே நின்றது. தமிழரசு திரும்பி ஓடிவந்தார்.

"ஐயோ, எங்கம்மா! எங்கம்மா உள்ள இருக்காங்க!"

அம்மாவைப் பின்சீட்டுக்குக் கீழே படுக்க வைத்து, மேலே போர்வையைப் போட்டு, அதன்மேல் பைகளை அடுக்கியிருக்கிறார். தெருவில் நாற்காலியில் உட்கார வைத்தால் கௌரவம் என்ன ஆவது? ஆடாமல் அசையாமல் படுத்திருக்கச் சொன்னாராம். தட்டு தூக்கியதும் அந்த அம்மா பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

மேனேஜர் "இறக்கு, இறக்கு" என்று குதித்தார். திறந்த கதவோடு இறக்கினால் இரும்புத் தூணில் சிக்கிக் கார் சாய்ந்துவிடும். அறிவுச்செல்வி அவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக என் பெயரைச் சொன்னாள்.

"காளி, உள்ள வா. இந்தப் பச்சையை அழுத்திப் புடிச்சா எறங்கும், விட்டா நிக்கும். நான் சொன்னாத்தான் அழுத்தணும். இந்த ஆளுங்க யாரையும் தொட விடாத."

எனக்கு அது தெரியும். மூன்று வருடம் வயிறு எரிய எரியப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன். அவள் கூண்டுக்குள் இருந்த இரும்பு ஏணியில் ஏறினாள். மேலே அவள் பேசுவது அலறலுக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது. "கீழ பாக்காதீங்கம்மா... காலை உள்ள இழுங்க... கதவை நான் தள்றேன், நீங்க புடிச்சு இழுங்க." கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "காளி, அழுத்து!" அழுத்தினேன். "விடு!" விட்டேன். இப்படி ஒவ்வொரு முழமாகக் காரை இறக்கினேன். காரோடு சேர்ந்து அவளும் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். என் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போக வேண்டும் என்று நான் கும்பிட்ட இயந்திரம் அது. அன்று அது கெட்டுவிடக் கூடாதே என்று கும்பிட்டேன்.

கீழே வந்ததும் அந்த அம்மா, சென்னியம்மாள், இறங்கினார். எழுபது வயது இருக்கும். வெள்ளைச் சேலையெல்லாம் கசங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறிவுச்செல்வி தமிழரசுவுக்கு நேரே போய் நின்றாள்.

"சீர்ப் பைன்னு சொன்னீங்களே, எறக்கியாச்சு. எடுத்துக்கங்க."

இதுதான் அவள் செய்த தப்பு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவரே இவள் காலில் விழுந்திருப்பார். முப்பது பேர் முன்னால் இப்படிச் சொன்னதும் அவருக்கு முகம் மாறியது. அரை மணி நேரத்தில் கடை முதலாளியின் அறையில் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"உங்க ஆளு கேக்கவே இல்லீங்க. கேட்டிருந்தா எங்கம்மாவ உள்ள உட்டுட்டு எறங்குவனா?" என்றார் தமிழரசு. போலீஸ், பத்திரிகை, பேஸ்புக் என்று வரிசையாகச் சொன்னார். கேமராவில் படம் இருந்தது, சத்தம் இல்லை. வாசலில் இருந்ததால் தனக்குக் கேட்கவில்லை என்று மேனேஜர் கை கழுவினார்.

முதலாளி சென்னியம்மாளைக் கேட்டார். "அம்மா, நீங்க உள்ள இருந்தீங்க. இந்தப் பொண்ணு ஆள் இருக்கான்னு கேட்டது உங்க காதுல விழுந்துச்சா?"

அந்த அம்மா மகனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள கேக்கலீங்க."

அப்புறம் முதலாளி என் பக்கம் திரும்பினார். அதற்குக் கொஞ்சம் முன்னால், படியேறும்போது, மேனேஜர் என் தோளில் கை போட்டிருந்தார். "நல்லா எறக்குன காளிதாஸ். இத நீயே பாத்துக்கலாம் போல இருக்கே" என்று சொல்லியிருந்தார்.

"நீ பக்கத்துலதான நின்ன? கேட்டாளா?"

அறிவுச்செல்வி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு பார்த்தாள்.

"ஹாரன் சத்தமுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவள் நீலக் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சென்னியம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்தார்.

"கோவிச்சுக்காத சாமி. என் சின்னவங் கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்."

"கையை விடுங்க. உங்கள மேலயே விட்டுட்டு வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை கேவலமாகத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அன்றைக்கே அவர்கள் பட்டெடுத்தார்கள். முதலாளி விலையில் நிறையத் தள்ளிக் கொடுத்தார். எடுத்து முடிகிறவரை சென்னியம்மாளை என் ஆட்டோவில் உட்கார வைத்திருந்தார்கள். மோர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இப்போது அந்தக் கேபினில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது. நீலக் கோட்டு எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அறிவுச்செல்வி பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறாள் என்று கேள்வி. தங்கை நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேயே துணி மடிக்கப் போகிறாளாம். தெருவில் புகை இல்லை, எனக்கு இருமல் இல்லை, கடைக்கு லாபம். தட்டில் ஏறுகிற ஒவ்வொரு காரின் நாலு கதவையும் நானே திறந்து பார்க்கிறேன், மேனேஜர் முணுமுணுத்தாலும் விடுவதில்லை.

அந்த அறையில் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். ஆள் இருக்கிறார்களா என்று அவள் மூன்று தரம் கேட்டாள். மூன்றும் என் காதில் தெளிவாக விழுந்தன.