கடிதப்பெட்டியில் ஏழாவது பெயர்

அகஸ்ரினுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் அவன் பார்த்தது அடுக்குமாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவும் வேலை. மற்றவர்கள் தண்ணீரை ஊற்றி இழுத்துத் துடைத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடுவார்கள். இவன் மட்டும் குந்தியிருந்து, எந்தக் காலத்திலோ யாரோ துப்பிய சுவிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பான்.

"உங்களுக்கு இதுக்கு ஆரும் பதக்கம் தரப்போயினமே?" என்று மனைவி செலஸ்ரீனா கேலி செய்வாள். அவள் கேலி செய்வது அவனுக்குப் பிடிக்கும்.

மன்னாரிலிருந்து வந்த அவர்கள் இருவருக்கும் மகள் மெற்றில்டாவுக்கும் கபோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. இரண்டு சம்பளத்தில் ஒன்றை அப்படியே விழுங்கிய அறை. வீட்டுக்காரன் வாடகையை வாங்குவானே தவிர எழுத்தில் ஒன்றும் தரமாட்டான். எழுத்தில் இல்லாவிட்டால் நகரசபையில் முகவரி பதிய முடியாது. முகவரி இல்லாதவர்களுக்கு மருத்துவப் புத்தகம் இல்லை. அது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் கையிலிருப்பது மட்டுமல்ல, காதிலிருப்பதும் போய்விடும். ஆகவே எல்லாரும் செய்ததையே அவர்களும் செய்தார்கள். பிரான்காச்சோவில், அரசாங்கக் குடியிருப்பில் இருந்த ஊர்க்காரன் ஸ்ரனிஸ்லாஸின் வீட்டில் தாங்களும் குடியிருப்பதாகப் பதிந்துகொண்டார்கள். அவனுடைய கடிதப்பெட்டியில் ஏழு பெயர்கள் ஒட்டியிருந்தன. ஏழாவது செலஸ்ரீனாவுடையது. வருகிற கடிதங்களை அவன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கொண்டுவந்து கொடுப்பான்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசியில் செலஸ்ரீனாவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். பயப்படும்படி ஏதாவது இருந்தால் கடிதம் போடுவோம் என்று டொக்டர் சொன்னார்.

இரண்டு வாரம் ஆகவில்லை. பூசை முடிந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டான்.

"அகஸ்ரின் அண்ணை, கீழ்வீட்டு மனுசி நகரசபைக்கு அறிவிச்சுப்போட்டாளாம். பெட்டியிலை ஏழு பெயரைக் கண்டால் மேலை வந்து துளாவுவாங்கள். ஆக்கள் இல்லையெண்டு பதிவை வெட்டினால் எல்லாற்றை புத்தகமும் போச்சு. கொஞ்ச நாளைக்குப் பெயருகளை எடுத்துவிடுங்கோ."

கட்டியோடு இருக்கிறவளுக்குப் புத்தகமும் இல்லாமல் போனால் என்ன செய்வது? அன்று பின்னேரமே அகஸ்ரின் பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறினான். மரக்கறி வெட்டும் சின்னக் கத்தியைச் செலஸ்ரீனாதான் அவனுடைய பைக்குள் வைத்துவிட்டாள். அவன் தன் பெயரையும் அவள் பெயரையும் சுரண்டி எடுத்தான். ஒட்டியிருந்த பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். அங்கே பெயர் இருந்த அடையாளமே தெரியவில்லை.

கடிதம் வந்தால் ஸ்ரனிஸ்லாஸ் தருவான்தானே என்று இருந்துவிட்டார்கள். பெயரில்லாத பெட்டியில் கடிதம் போடமாட்டார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் தபால்காரனுக்கு ஆளைத்தான் தெரியும். அங்கே பெயர் ஒட்டிய பெட்டியை யார் கண்டது?

பங்குனி போனது, சித்திரை போனது, கடிதம் வரவில்லை. செலஸ்ரீனா நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கோடை முழுவதும் அவள் பாடிக்கொண்டே சமைத்தாள்.

ஐப்பசியில் முதுகு வலி தொடங்கியது. வீட்டுவேலைக்குப் போகும் சின்யோராவின் வீட்டில் குனிந்து தரை துடைத்தவள் நிமிர முடியாமல் அப்படியே இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் பழைய கோப்பைத் திறந்தார். உள்ளே இரண்டு கடித உறைகள், திறக்கப்படாமல் இருந்தன. இரண்டிலும் செலஸ்ரீனாவின் பெயர். இரண்டிலும் அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை என்ற முத்திரை. நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று டொக்டர் அகஸ்ரினிடம் சொன்னார். இந்த முகவரியில் நீங்கள் இருக்கவில்லையா என்றும் கேட்டார்.

செலஸ்ரீனாவைப் பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று கண்ணீர் விட்டார்கள். அவள் எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னாள்.

"ஒரு கடிதம் போட்டவையே? ஒரு துண்டுக் கடுதாசி போட்டிருந்தால் நான் அப்பவே வந்திருப்பன்."

"எங்களைப் போல ஆக்கள் எண்டால் அப்பிடித்தான்," என்று அவர்கள் ஆஸ்பத்திரியைத் திட்டித் தீர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அகஸ்ரின் எழுந்து வெளியே போவான்.

மூன்று கிழமைக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம், பார்க்க வந்தவர்கள் போனபிறகு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அவையள் கடிதம் போட்டவை, செலஸ்ரீனா. ரெண்டு தரம் போட்டவை. நான் பெயரைச் சுரண்டினபடியால் திரும்பிப் போட்டுது. நான்தான் உன்னை..." மேலே சொல்ல முடியாமல் அழுதான்.

அவள் அவனுடைய தலையில் கை வைத்தாள்.

"எனக்குத் தெரியும். முதல் நாளே டொக்டற்றை மேசையிலை அந்த உறைகளைக் கண்டனான்."

"அப்ப ஏன் ஆஸ்பத்திரியைப் பேசிறாய்?"

"சனம் ஆரையாவது பேசத்தான் செய்யும். ஆஸ்பத்திரி தாங்கும். நீங்கள் தாங்கமாட்டியள்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "கத்தியைப் பையுக்குள்ளை வைச்சது நான்தானே. இனி இதை ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ. முக்கியமாப் பிள்ளையிட்டை. தாயைத் தகப்பன்தான் சாகவிட்டது எண்டு ஒருநாள் நினைச்சிடுவாள். சத்தியம் பண்ணுங்கோ."

அவன் அவளுடைய கையில் அடித்துச் சத்தியம் செய்தான். நத்தாருக்கு ஐந்து நாள் இருக்கும்போது செலஸ்ரீனா இறந்துபோனாள்.

அகஸ்ரின் இப்போதும் படி கழுவுகிறான். சுவிங்கத்தைக் கண்டாலும் பேசாமல் தாண்டிப் போகிறான். பூசைக்கு வரும் பெண்கள் ஆஸ்பத்திரியைத் திட்டும்போது மட்டும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறான்.

பள்ளிக்கூடம் விட்டு வியா மக்வேதா தெருவால் வரும்போது ஒருநாள் மெற்றில்டா கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"அப்பா, ஆஸ்பத்திரிக்காரர் ஏன் அம்மாவுக்குக் கடிதம் போடேல்லை?"

அகஸ்ரின் அவளுடைய புத்தகப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

"மறந்துபோச்சினம், பிள்ளை," என்றான்.