தெருவுக்குக் கீழே போன வீடு

வேதநாயகம் அந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். அவருடைய மருமகள் ஃபிளோராவின் காலத்தில் நான்கு படி இறங்க வேண்டியதாயிற்று. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தெரு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் பழைய தாரின் தலையில் புதிய தாரைக் கொட்டினார்கள். சுரண்டி எடுக்க ஆகும் செலவு மிச்சம், அந்த மிச்சம் யார் பைக்குப் போகிறது என்று கேட்க ஆள் இல்லை. மயிலாடுதுறைக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் மேலத்தெரு முழுவதும் இப்படித்தான் குழிக்குள் இறங்கியது. ஜன்னலின் அடிக்கட்டை சாலைக்குச் சமமாக வந்த வருடம் ஃபிளோராவும் விவசாயம் பார்க்கும் கணவன் ஜெனித்தும் மாடியில் இரண்டு அறை எழுப்பிக் குடியேறினார்கள். கீழ்வீடு சாக்குகளுக்கும் பழைய கட்டிலுக்கும் போயிற்று. பிறகு பூச்சிகளுக்குப் போயிற்று. ஈரச் சுவரில் மரவட்டை, சாக்குக்கு அடியில் கரப்பான், நிலைக்கதவுச் சந்தில் பூரான், மேலே மூலைக்கு மூலை எட்டுக்கால் பூச்சியின் வலை.

ஃபிளோரா அங்கன்வாடி டீச்சர். பிறந்தது கீழ்வேளூரில், கூலிக்கு நாற்று நட்ட வீட்டில். அம்மா நடவுக்குப் போனால் குழந்தைகளும் வரப்புக்குப் போக வேண்டியதுதான். அப்படி வரப்பில் துணி விரித்துப் படுக்கவைத்த தம்பி ஒருநாள் வாய்க்காலுக்குள் உருண்டு போய்விட்டான். அம்மா நிமிர்ந்து பார்த்தபோது துணி மட்டும் கிடந்தது. ஊர் அதை விதி என்று சொன்னது. பிள்ளையை விட்டுவிட்டு வர ஓர் இடம் இல்லாததற்குப் பெயர் விதியா என்று ஃபிளோரா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேட்டுவிட்டாள். அங்கன்வாடி வேலைக்கு அவள் வந்தது அந்தக் கேள்வியோடுதான்.

போன கோடையில் அங்கன்வாடிக் கட்டடத்தின் கூரை பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து வகுப்பு நடந்தது. மேற்பார்வையாளர் ஸ்ரீரஞ்சனி வந்து பார்த்தார்.

"டீச்சர், ஊருக்குள்ள ஒரு இடம் பாருங்க. இல்லன்னா பைபாஸுக்கு அந்தப் பக்கத்து சென்டரோட சேத்துடுவாங்க."

"பைபாஸைத் தாண்டி யாரு மேடம் பிள்ளையை அனுப்புவா? லாரி போற வேகத்துக்கு நானே தாண்ட மாட்டேன். மறுபடியும் வரப்புலதான் படுக்க வைப்பாங்க."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன பண்ணட்டும், இடம் காட்டுங்க."

மேலத்தெருவில் பூட்டிக்கிடந்த வீடுகள் நிறைய. சொந்தக்காரர்கள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். ஃபிளோரா ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். ஒருவருக்கு வீட்டை விற்கிற யோசனை, ஒருவருக்கு ராசியில்லாத வருடம். வகுப்புக்கு வரும் காலனிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் படியேறக்கூடாது என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு நாகரிகம்.

"எங்க கீழ்வீடு இருக்கு மேடம்" என்றாள் ஃபிளோரா.

ஸ்ரீரஞ்சனி இறங்கிப் பார்த்தார். விளக்கைப் போட்டதும் சுவர் நகர்ந்தது. அவர் புடவைக் கொசுவத்தில் எட்டுக்கால் பூச்சி ஒன்று ஏற, நான்கு படியையும் ஒரே தாவலில் ஏறினார்.

"ஐப்பசி மழையில வந்து பாக்கறேன். தரையில ஈரம், சுவத்துல பூச்சி, ரெண்டும் இருக்கக் கூடாது. இருந்தா என்கிட்ட கெஞ்சாதீங்க, பிள்ளைங்க படுக்கற இடம்."

எதிர்வீட்டுக் கல்யாணராமன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மாடித் தாழ்வாரத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "டீச்சர், தெருவுக்குக் கீழ போன வீடு வாஸ்துப்படி ஆகாது. மூதேவி வந்து உக்காந்துட்டா. பூட்டிப் போடுங்கோ." அந்த வாரமே தேவாலயத்திலிருந்து ஒருவர் வந்து, ஜெபம் செய்து தண்ணீர் தெளித்தால் விஷ ஜந்துக்கள் ஓடிவிடும் என்றார். ஃபிளோரா இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள். கரப்பான் பூச்சி இரண்டு மதத்தையும் ஒரே மாதிரிதான் மதித்தது.

சாக்குகளையும் கட்டிலையும் வெளியே எறிந்தாள். ஒட்டடை அடித்தாள், தேய்த்துக் கழுவினாள். மறுநாளே வலைகள் திரும்பின.

அப்போதுதான் ஜெனித் உதவிக்கு வந்தான். அந்த வட்டாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. வயலுக்கு அடித்த மருந்தில் மிச்சம் இருந்தால் அது வீட்டுக்கு வரும். மூட்டைப்பூச்சிக்கு அதுதான், எறும்புக்கும் அதுதான். தலையில் பேனுக்குத் தடவியவர்கள்கூட உண்டு. ஃபிளோரா தாழ்வாரத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஜெனித் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு கீழ்வீடு முழுவதும் அடித்து முடித்தான்.

"வந்து பாரு! ஒண்ணுகூட உசுரோட இல்ல. மூணு வாரமா நீ அடிச்ச ஒட்டடைக்கு ஒரு மத்தியானம்" என்று மீசையைத் தடவினான்.

தரை முழுவதும் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. கதவு திறந்திருந்தது. வீட்டுக் கோழிகள் உள்ளே புகுந்து அவசரமாகக் கொத்திக்கொண்டிருந்தன. இருட்டுவதற்குள் அத்தனை கோழியும் கழுத்தை மடித்துக்கொண்டு கொல்லையில் விழுந்தன.

ஃபிளோரா ஒரு கோழியைத் தூக்கிவந்து அவன் முன்னால் போட்டாள். "தரையில கிடக்கறதைப் பொறுக்கி வாயில போடறது கோழி மட்டுமாங்க? எங்கிட்ட வர்றதுல பாதி ரெண்டு வயசு."

மறுநாள் ஜெனித்தே சோப்பும் சுண்ணாம்புமாகத் தரையை, சுவரை, கூரையைத் திரும்பத் திரும்பக் கழுவினான். கழுவிய தண்ணீரை வாய்க்காலுக்கு விடாமல் கொல்லை மூலையில் குழி வெட்டி ஊற்றினான்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சில வாரங்களில் பூச்சிகள் முன்னைவிட அதிகமாக வந்தன. குறுவை நெல் கதிர் விடும் நேரம். நெல்லைத் தாக்கும் பச்சைத் தத்துப்பூச்சி கொல்லைப்பக்கச் சுவரை மூடியது.

"ஏங்க, வயல்ல கண்டபடி மருந்தடிச்சா புகையான் பூச்சி கூடுதுன்னு யாரு சொல்லுவா?"

"நான்தான் சொல்லுவேன். எட்டுக்கால் பூச்சி செத்துப்போவும். அதுதானே புகையானைத் திங்கிறது."

"வயலுக்குத் தெரிஞ்சது வீட்டுக்குத் தெரியலையா உங்களுக்கு?"

இருவரும் சுவரைப் பார்த்து யோசித்தார்கள். செத்தது போக எட்டுக்கால் பூச்சிகளும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன; அவை தீனி இருக்கும் இடத்தில் கடை விரிக்கும். தீனி எங்கிருந்து வருகிறது? கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்ட இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கு, பின்னால் வயலில் இருக்கும் பூச்சிக்கெல்லாம் அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபிளோரா ஒரு சோதனை செய்தாள். ஒரு வாரம் அந்த விளக்கை அணைத்துவைத்தாள். சுவர் பாதி காலியானது. பிறகு வெள்ளை விளக்கை வயல் வரப்புக்கு மாற்றி, அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, விழும் பூச்சி சாகத் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். வீட்டுக்கு மஞ்சள் விளக்கு. ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தார்கள், சந்துகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். தீனி நின்றதும் எட்டுக்கால் பூச்சிகள் தாமே கடையைக் கட்டின. மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

மரவட்டையும் கரப்பானும் மட்டும் போகவில்லை. அவற்றுக்கு வேண்டியது ஈரம். ஈரம் தெருவிலிருந்து வந்தது. ஆவணியில் பெய்த ஒரு மழைக்கே சாலைத் தண்ணீர் படியிறங்கி வந்து அறையில் நின்றது. வாசலை உயர்த்திக் கட்டிப் பார்த்தாள். சுவர் வழியாகக் கசிந்தது.

புரட்டாசியில் ஜல்லி லாரிகள் வந்தன. மறுபடியும் சாலை. மறுபடியும் பழைய தாரின் மேலேயே. இன்னும் அரையடி ஏறினால் கீழ்வீடு குளம்.

ஃபிளோரா லாரிக்கு முன்னால் போய் நின்றாள். ஒப்பந்தக்காரர் துரைராசு சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினார்.

"என்னம்மா இது? ரோடு போடலன்னு மறியல் பண்ணுவாங்க, பாத்திருக்கேன். போடறதுக்கு மறியலா?"

"ரோடு போடுங்க. எங்க தலையில போடாதீங்க. பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் போடணும்னு விதி இருக்கா இல்லையா?"

"விதியெல்லாம் மெயின் ரோட்டுக்கும்மா. இந்தச் சந்துக்கு யாரு மெஷின் கொண்டாருவா?"

"நீங்கதான். டெண்டர்ல சுரண்டறதுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கீங்க. பேரூராட்சி ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வந்து நிக்கறேன்."

துரைராசு சிரிப்பை நிறுத்தினார். அதற்குள் காலனியிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஜல்லிக் குவியலைச் சுற்றிப் பாய் விரித்து, வகுப்பை அங்கேயே நடத்தச் சொன்னார்கள். ஃபிளோரா நடத்தினாள். பிள்ளைகள் லாரிச் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு "வட்டம்" என்று கத்தினார்கள்.

மத்தியானம் கல்யாணராமன் நாற்காலியோடு இறங்கிவந்து சாலை நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"சார், நீங்களுமா?" என்றாள் ஃபிளோரா.

"எங்காத்துக் கழிவுநீர்த் தொட்டி போன மழையில ஹாலுக்கே வந்துடுத்து டீச்சர்."

"அப்ப மூதேவி உங்க வீட்டுக்கும் வந்துட்டாளா?"

காலனிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. அவருக்கு ஞானம் பிறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கழிவுநீர் வந்தது, அவர் வந்தார். ஆனாலும் வங்கி அதிகாரியின் நாற்காலிக்கு அரசாங்கத்தில் இருக்கும் மரியாதை, கூலி இழந்து வந்த பெண்களின் பாய்க்கு இல்லை. மறுநாளே பேரூராட்சிச் செயல் அலுவலர் வந்தார். ஒரே நியாயத்துக்கு ஆள் பார்த்து வேகம் வைத்திருக்கும் இந்த நாட்டில் ஃபிளோரா நாற்காலி, பாய் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டாள்.

சுரண்டும் இயந்திரம் வந்தது. அடுக்கடுக்காகத் தார் பெயர்ந்தது, ஒவ்வோர் அடுக்கும் ஒரு தேர்தல். புதைந்துபோன வடிகால் வெளியே வந்து தண்ணீருக்கு வழி விட்டது. படிகளில் மூன்று தேவையில்லாமல் போயின. ஜெனித் உள்சுவரைக் கொத்திப் பூசினான், ஃபிளோரா வெள்ளையடித்தாள். காய்ந்த தரையில் மரவட்டைக்கு வேலை இல்லை. அது போயிற்று, கரப்பானும் போயிற்று, அவற்றைத் தின்ன வந்த பூரானும் போயிற்று.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இரண்டாம் நாள், குடை காற்றில் புரண்டுபோய் முக்கால்வாசி நனைந்து, ஸ்ரீரஞ்சனி வந்தார். செருப்பை வெளியே விட்டார். அறையின் நடுவில் போய் வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கைப்பேசி வெளிச்சத்தில் மூலைகளைத் துருவினார், அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்னால் பார்த்தார்.

"இந்த ரூம்ல ஈரமா இருக்கறது நான் ஒருத்திதான் டீச்சர்" என்றார். "நாளைக்குப் பிள்ளைங்கள வரச் சொல்லுங்க."

"நாளைக்கு எதுக்கு மேடம்?"

ஃபிளோரா வாசலுக்குப் போய்க் கையசைத்தாள். ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்த பிள்ளைகள், உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மேலத்தெருவின் நட்டநடுவே ஓடிவந்தார்கள். கல்யாணராமன் மாடியிலிருந்து, வழுக்கும் பாத்து வாங்கோ என்று கத்தினார். தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இறக்கிவிட்டு, பாயில் படுத்துப் பார்த்து, தரையைத் தட்டிப் பார்த்து, பிறகு மழையைப் பொருட்படுத்தாமல் சம்பா நடவுக்குக் கிளம்பினார்கள். அன்று எந்தப் பிள்ளையும் வரப்புக்குப் போகவில்லை.