அவருடைய அம்மாவுக்காக நாங்கள் மூவர்

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். பக்கத்து அறையில் ஆப்பிரிக்காவிலிருந்து இறையியல் படிக்க வந்த மாணவர் இருந்தார். ஒரு மனிதனை எதைக் கொண்டு நல்லவன் என்று சொல்வது என்பதே அவருடைய ஆய்வு. பழைய எகிப்தில், இறந்தவனின் இதயத்தைத் தராசில் இறகுக்கு எதிரே வைத்து நிறுப்பார்களாம். வேதாகமத்தில் கடவுள், தம்பியைக் கொன்ற அண்ணனிடம், உன் தம்பி எங்கே என்று கேட்கிறார்.

"எங்கள் ஊரில், துக்க வீட்டில் கூடவந்து உட்கார்ந்தானா என்று மட்டும் பார்ப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்வார்.

ஒரு மதியம் அவருடைய அம்மா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. ஊருக்குப் போக வழியில்லை. கட்டிலில் அசையாமல் இருந்தார். நான் அருகில் தரையில் உட்கார்ந்தேன். கீழ்வீட்டு அக்கா சோற்றோடு வந்து வாசலில் தயங்கினார்.

"அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாதே, நான் என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாங்க்கா. செத்த நேரம் உக்காருங்க."

அக்காவும் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தபோதுதான் அந்த மாணவர் வாய்விட்டு அழுதார். அந்த மாடிக்குக் குடிவந்த பிறகு எனக்கும் துணை இருந்த பொழுது அது ஒன்றுதான்.

படிப்பு முடிந்ததும் ரயில் நிலையத்தில் அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். அந்த அறைக்கு அப்புறம் யாரும் குடிவரவில்லை.